பச்சை என்றாள், நீலம் என்றான்

"இந்தப் படகுக்குப் பெயின்ட் அடிச்சது யாரு?"

படகுக் கொட்டகையின் வாசலில் நின்று கத்தியவனின் தலைமுடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. வேறொரு படகுக்குப் பூசிக்கொண்டிருந்த நுவாலா ஏணியிலிருந்து இறங்கவில்லை. கையில் இருந்த தூரிகையை டப்பாவின் விளிம்பில் நிதானமாக வழித்தாள்.

"நான்தான். ஏன், நல்லா வந்திருக்கா?"

"நல்லாவா! பச்சையா இருக்குங்க!"

"பச்சை பெயின்ட் அடிச்சா பச்சையாத்தான் இருக்கும்."

கோபத்தில் அவனுக்குத் தெரிந்த ஐரிஷ் வார்த்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் ஓடிப்போய்விட்டன போலிருந்தது. நெடுநெடுவென்ற உயரம். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். சண்டைக்கு வந்தவன் மாதிரியே இல்லை. தொலைத்த பொருளைத் தேடி வந்தவன் மாதிரி இருந்தான்.

'ஓ... போன் குரல்!' நுவாலாவுக்கு உடனே பிடிபட்டது.

அயர்லாந்தின் டிங்கிள் துறைமுகத்தில் அவள் அப்பா டோனலின் கொட்டகையைத் தெரியாதவர்கள் கிடையாது. படகைச் செப்பனிடுவது அப்பா. வண்ணம் பூசுவது ஆறு வருடமாக நுவாலா. இலையுதிர் காலத்தில் அப்பா ஓய்வு எடுக்கப் போகிறார். கொட்டகை நுவாலாவுக்கா, அவளுடைய பெரியப்பா மகன் கோல்முக்கா என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஊரே அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை துடுப்புப் பந்தயம். கடல் தாண்டி வேல்ஸிலிருந்து வருகிற குழு ஒன்று, அடிப்பக்கம் உரசிப்போன தன் படகைப் பத்து நாளுக்கு முன்பே லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தது. குழுத் தலைவன் எம்ரிஸ் போனில் ஐரிஷிலேயே பேசினான். இரண்டு குளிர்காலம் இரவு வகுப்புக்குப் போய்க் கற்ற ஐரிஷ். அதில் அவனுக்குப் பெருமையோ பெருமை... அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"என்ன நிறம்னு நீங்கதானே சொன்னீங்க?" நுவாலா இப்போது இறங்கி வந்தாள். ஆர்டர் புத்தகத்தைப் புரட்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாருங்க. க்லஸ். ஜி-எல்-ஏ-எஸ், நாலே எழுத்து."

"அதான்! க்லாஸ்! க்லாஸ்னா நீலம்!"

"யாரு சொன்னா?"

"எங்க நாடே சொல்லுது."

"எங்க நாடு பச்சைன்னு சொல்லுது. படகு இப்போ எந்த நாட்டுல நிக்குது?"

எழுத்து என்னவோ அதே நாலு எழுத்துதான். அவள் வாயில் அது சட்டென்று முடிந்தது. அவன் வாயில் 'லா' என்று நீண்டு கொண்டது. ஐரிஷில் ஒரு நிறம், வெல்ஷில் வேறொரு நிறம். இரண்டு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று வகுப்பில் சொன்னார்களே... பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனபின் பாத்திரங்களையும் மாற்றிக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லையே!

எம்ரிஸ் படகின் பக்கவாட்டில் கை வைத்தான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கண்ணாடி போலிருந்தது பூச்சு. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"பச்சை யாரோட நிறம் தெரியுமா? பக்கத்து ஊர்க் குழுவோடது. நாப்பது வருஷப் பகை. இந்தப் படகு ஊருக்குத் திரும்பினா, கரையில நிக்கிற நாய்கூடச் சிரிக்கும்."

நுவாலாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கினாள். "சரி... நான் ஒண்ணும் கேக்காம அடிக்கலை. 'புல்லு மாதிரியா'ன்னு கேட்டேன். 'அதேதான், அதேதான்'னு ரெண்டு தடவை சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

எம்ரிஸின் காதுமடல் சிவந்தது. ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தை அன்று அவனுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"லைன் சரியில்லை," என்றான்.

நுவாலா அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு, "மழை விடுற வரைக்கும் உக்காருங்க. டீ போடறேன்," என்றாள்.

மழை விடவில்லை. டீ இரண்டாவது கோப்பைக்குப் போயிற்று.

"உங்க க்லஸ்ல வேற என்னெல்லாம் இருக்கு?" என்று கேட்டான் எம்ரிஸ். கோபம் எப்போது இறங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"புல்லு, இலை. சாம்பல் நிறக் குதிரை, சாம்பல் ஆடு... அதுவும் க்லஸ். உடம்புக்குள்ள குளிர் இறங்குற நாள், அதுவும் க்லஸ். கதவுல தொங்குற பூட்டுகூட க்லஸ்தான்."

"பூட்டா?"

"ஆமா. நிறத்துக்கும் பூட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. வார்த்தை மட்டும் ஒண்ணு. அப்புறம்... அனுபவமில்லாத ஆளையும் சொல்வோம். இன்னும் பழுக்காத ஆளு." கண்ணைச் சிமிட்டினாள். "ரெண்டு வருஷம் வகுப்புக்குப் போயிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி போன் பண்ணுவாங்களே... அந்த மாதிரி ஆளு."

"எங்க ஊர்லயும் உண்டு! காலேஜ்ல புதுசா சேர்ற பிள்ளைங்களை க்லாஸ்னுதான் சொல்வோம்." அவன் சிரித்துவிட்டான். "வானம் க்லாஸ். விடிகாலை வெளிச்சம் க்லாஸ். ஒருத்தன் உயிரைக் கொடுத்து உழைச்சா, அந்த உழைப்பும் க்லாஸ்." பிறகு தயங்கினான். "புல்லுன்னு நாங்க சொல்ற வார்த்தைக்குள்ளேயும்... க்லாஸ் இருக்கு. எங்க பாட்டன் முப்பாட்டனுக்கு அதுவும் பச்சையாத்தான் இருந்திருக்கும்போல."

"அப்போ தோத்துட்டேன்னு ஒத்துக்கிறீங்க?"

"பாதி."

"மீதிப் பாதி?"

"மீதி வானம் எங்க பக்கம்."

தமிழில் வானம் ஆணா பெண்ணா என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர்கள் இருவருடைய மொழியிலும் பாத்திரம் பண்டத்துக்குக்கூட ஆண், பெண் உண்டு. பெண்பாலுக்குப் பின்னால் வந்து நின்றால் க்லஸ் மாறிவிடும். நுவாலா சொல்லிக் காட்டினாள். படகு ஆண்பால், அதனால் வல்லினமாகவே நிற்கும். பெயின்ட் பெண்பால்; அதற்குப் பக்கத்தில் வந்தால் முதல் எழுத்து தொண்டைக்குள்ளேயே மூச்சாகக் கரையும்.

எம்ரிஸ் முயன்றான். இருமல் மாதிரி வந்தது. மறுபடி முயன்றான். அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பார்வையைக் கோப்பைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க மொழியில இவ்வளவு கஷ்டம் இல்லை," என்றான் அவன். "பொண்ணு பக்கத்துல வந்தா அந்த எழுத்தே போயிடும். வெறும் 'லாஸ்'தான் நிக்கும்."

"பொண்ணைப் பாத்ததும் ஓடிடுமா? உங்க ஊர் ஆம்பளைங்களும் அப்படித்தானா?"

"மரியாதை கொடுத்து ஒதுங்குது."

"ஒதுங்குறதுக்கும் ஓடுறதுக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்துபோல..."

இருவரும் சிரித்தார்கள். தகரக் கூரையில் மழை இன்னும் வலுத்தது. 'இன்னும் கொஞ்சம் பெய்யட்டுமே,' என்று நினைத்த பின்புதான், தான் என்ன நினைத்தோம் என்று நுவாலாவுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் எட்டு மணி. ஜூன் மாத வெயில் இன்னும் தண்ணீர்மேல் சாய்ந்து கிடந்தது. துறைமுக பப்பில் வேல்ஸ் குழு உட்கார்ந்திருந்தது. எம்ரிஸின் கூட்டாளி டெகிட் விடாமல் கேலி செய்துகொண்டிருந்தான்.

"நான் ஐரிஷ்லயே பேசிக்கிறேன், நீங்கள்லாம் சும்மா இருங்கன்னு சொன்னது யாருப்பா? ஊருக்குப் போனா நம்மளை எதிரிப் படகுன்னு நெனச்சுக் கல்லெடுத்து அடிக்கப் போறாங்க!"

பக்கத்து மேசையிலிருந்து மீரிஷ் திரும்பினார். மூன்று மீன்பிடிப் படகுகளுக்குச் சொந்தக்காரர். மூன்றுக்கும் வண்ணம் பூச அடுத்த வாரம் நுவாலாவிடம்தான் வரவேண்டியிருந்தது.

"அப்போ யாரு தம்பி தப்பு பண்ணது?"

எல்லாக் கண்களும் எம்ரிஸ் மீது. குழுவின் முன், ஊரின் முன்... நாக்கு முந்திக்கொண்டது.

"பெயின்ட் அடிச்சவங்கதான் தப்பாக் கேட்டுக்கிட்டாங்க."

சொல்லி முடித்தபோது கதவருகில் நுவாலா நின்றிருந்தாள். நீல நிறச் சட்டை மாற்றி, தலை வாரி, அவனைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். வந்த கதவு வழியே திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மீரிஷிடமிருந்து தகவல் வந்தது. படகுகளை வண்ணம் பூச டிரலீ நகருக்கு அனுப்பிக்கொள்கிறாராம். "வேற ஒண்ணுமில்ல டோனல், எனக்கு என்ன நிறம் கேட்டேனோ அந்த நிறம் வேணும்."

அப்பா போனை வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமேம்மா..."

'கேட்டேன்' என்று நுவாலா சொல்லவில்லை. ஆறு வருடமாக இந்தக் கையைப் பார்த்த அப்பாவுக்கு, தனக்குத் தானே சாட்சி சொல்லியா புரியவைக்க வேண்டும்? மணல்தாளை எடுத்துக்கொண்டு பச்சைப் படகைத் தேய்க்கத் தொடங்கினாள்.

எம்ரிஸ் வந்தபோது ஒரு முழம் நீளத்துக்குப் பச்சை போயிருந்தது. அவள் புருவத்திலும் இமையிலும் பச்சைத் தூள்.

"என்ன பண்றீங்க?"

"நீலம் அடிக்கப் போறேன். தப்பாக் கேட்டுக்கிட்டேன் இல்ல?"

"நாளைக்குப் பந்தயம். காயாது..."

"காயுதோ காயலையோ, நீங்க கேட்டது கிடைக்கும்."

"நுவாலா, நேத்து ராத்திரி நான்..."

"உங்க மொழி எழுத்து மாதிரியேதான் நீங்களும்." தேய்ப்பதை நிறுத்தவில்லை அவள். "நான் வந்து பக்கத்துல நின்னதும் காணாமப் போயிட்டீங்க."

அவனுக்கு அந்த அடி நெஞ்சில் இறங்கியது. கோபப்படக்கூட உரிமை இல்லாத அடி. மணல்தாளைப் பிடித்திருந்த அவள் கைமேல் கை வைத்தான்... தொட்டவுடனே எடுத்தும் விட்டான்.

"தேய்க்காதீங்க. தேய்ச்ச இடத்தை மூடிடுங்க. பச்சையிலயே."

"இரக்கமா? எனக்கு வேண்டாம்."

"இரக்கம் இல்லை. இது நான் ஆர்டர் கொடுத்த நிறம்." திரும்பி நடந்தான்.

அவன் போனபின் அவள் டப்பாவைத் திறந்தாள். பச்சை டப்பாவை. மனசு என்ன சொன்னதோ, கை அதைத்தான் செய்தது.

சனிக்கிழமை மேகம் விலகிப் பளிச்சென்று விடிந்தது. துறைமுகச் சுவர் முழுக்கத் தலைகள். ஆறு படகுகள். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு குழுத் தலைவனும் மைக்கில் தன் படகின் பெயரையும் ஊரையும் சொல்வது அங்கே வழக்கம். நுவாலா வரக்கூடாது என்றுதான் இருந்தாள். அப்பா, "வா, பக்கத்துல நில்லு," என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்துவிட்டார்.

எம்ரிஸ் மைக்கைப் பிடித்தான். ஐரிஷில் ஆரம்பித்தான். அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக.

"எங்க படகு பேரு க்விலன். கடற்பறவை. நிறம் க்லஸ்... உங்க க்லஸ்."

கூட்டத்தில் சிரிப்பலை.

"நுவாலா போன்ல என்கிட்ட 'புல்லு மாதிரியா'ன்னு கேட்டாங்க. புல்லுங்கிற வார்த்தை எனக்கு அப்போ தெரியாது. தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டு, 'அதேதான்'னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். வியாழக்கிழமை பப்புல பழியை அவங்க மேல போட்டேன். அது பொய். அவங்க சரியாக் கேட்டாங்க, சரியாப் பூசுனாங்க. தப்பு முழுக்க என்னோடது."

சிரிப்பு நின்றுவிட்டது. மீரிஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதைவிட நல்லாப் பூசின பச்சைப் பெயின்டை நான் பாத்ததில்லை," என்று முடித்தான் எம்ரிஸ். பெயின்ட் பெண்பால் என்பது பதற்றத்தில் மறந்துவிட்டது. க்லஸ் வல்லினமாகவே வந்து விழுந்தது.

துறைமுகச் சுவர் சும்மா இருக்குமா? நூறு தொண்டைகள் ஒரே நேரத்தில் திருத்தின. "ஹ்லஸ்!"

எம்ரிஸ் கண்களை மூடிக்கொண்டு, மென்மையாக, மூச்சாக, திருத்திச் சொன்னான். இந்த முறை இருமல் வரவில்லை. கைதட்டல் எழுந்தது. பிறகு அத்தனையையும் வெல்ஷில் தன் குழுவுக்கும் ஒரு வரி விடாமல் சொன்னான். டெகிட் வாயைப் பிளந்தான். "அடப்பாவி! புரியாமலே 'அதேதான்'னு சொன்னியா?"

டோனல் மகளைப் பார்த்தார். "கேட்டிருக்கே. என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கேட்டியான்னு நீங்க கேக்கலையே அப்பா. கேட்டிருக்கலாமேன்னுதானே சொன்னீங்க."

அவர் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். "கோல்முக்குப் போன் பண்ணி, இலையுதிர் காலத்துக்கு வேற வேலை பாத்துக்கச் சொல்லிடறேன்," என்றார், படகுகளைப் பார்த்தபடியே.

க்விலன் மூன்றாவதாக வந்தது. பச்சைப் படகு கரையைத் தொட்டபோது முதல் படகுக்குக் கிடைத்ததைவிட அதற்குத்தான் கூச்சல் அதிகம்.

மீரிஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நுவாலாவின் எதிரே நின்றார். "திங்கக்கிழமை மூணையும் கொண்டாந்துடறேன். கோவமா?"

"கோவம்தான். கொண்டாங்க. ஆனா என்ன நிறம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவேன்."

"அடேயப்பா!" என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

சாயங்காலம். படகுத்துறைச் சரிவில் கூட்டம் கலைந்திருந்தது. தூறல் போட்டது... நின்றது... மறுபடி போட்டது. டெகிட்டும் மற்றவர்களும் க்விலனை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நுவாலா படகு கட்டும் குட்டைத் தூணின்மேல் உட்கார்ந்திருந்தாள். எம்ரிஸ் வந்து இரண்டடி தள்ளி நின்றான்.

"நாளைக்குக் காலைல கப்பல்தானே உங்களுக்கு?" என்றாள் அவள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

"படகு போகுது. டெகிட் கொண்டு போறான். நான் ரெண்டு வாரம் லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"ஐரிஷ் சரியா வரலையே. நூறு பேர் திருத்துறாங்க."

"அவ்வளவுதானா?"

அவன் இரண்டடியையும் கடந்து வந்தான். "இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டான். துடுப்புப் போடும்போதுகூட இப்படி வாங்கியதில்லை. "நேத்து முழுக்க அகராதி பாத்தேன். உங்களோடது, எங்களோடது ரெண்டும். க்லஸ்னு வந்தா ரெண்டும் சண்டைதான் போடுது. ஒரே ஒரு இடத்துலதான் ஒத்துப்போகுது."

"எங்க?"

"உங்க கண்ணுல. வெயில்ல பச்சையா இருக்கு, மழையில சாம்பலா இருக்கு, இப்போ கடலைப் பாக்கறப்போ நீலமா இருக்கு. எங்க மொழியில கேட்டாலும் க்லாஸ். உங்க மொழியில கேட்டாலும் க்லஸ்."

நுவாலாவுக்குக் கன்னம் சுட்டது. "எங்க மொழியில கண்ணு பெண்பால். தெரியுமா?"

"தெரியும். ஒரு கண்ணுன்னா முதல் எழுத்து மெல்லிசாகணும். ரெண்டு கண்ணுன்னா மறுபடி அழுத்தமாகணும். படிச்சிட்டுத்தான் வந்தேன். எங்க மொழியில கண்ணு ஆண்பால். அதான் பாத்த இடத்தை விட்டு நகரமாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. எது முந்தி என்று தெரியவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றான். "தப்பா வந்தா திருத்துங்க."

ஐரிஷில் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று நேராகச் சொல்லிவிட முடியாது. பசி இருக்கிறது, தாகம் இருக்கிறது என்பது போலத்தான்... அன்பும் ஒருவரிடம் 'இருக்க' வேண்டும். கேள்வியும் அப்படித்தான் கேட்க வேண்டும். எம்ரிஸ் கேட்டான். தூறல் அவன் இமையில் சேர்ந்து நின்றது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"நுவாலா... என் மேல உனக்கு அன்பு இருக்கா?"

திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. 'ஆமாம்' என்று சொல்லி ஒளிந்துகொள்ள அந்த மொழியில் அப்படியொரு சொல்லும் இல்லை. கேட்ட வினையையே எடுத்து, வாய்விட்டு, முழுதாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்!

நுவாலா தூணிலிருந்து இறங்கினாள். அவன் நனைந்த சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து, தன் முகத்தை நிமிர்த்தினாள்.

"இருக்கு," என்றாள்.